உடம்புக்குள் ஒரு கத்தரிக்கோல்!

உங்கள் வீட்டில் சர்க்கரைக்காரர் யாராவது இருந்தால், அவருடைய மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். கம்பெனி வைத்த பேர் ஒன்று இருக்கும். மருந்தின் சொந்தப் பேர் ஒன்று இருக்கும். அந்தச் சொந்தப் பேர் 'க்ளிப்டின்' என்று முடிகிறதா? சிட்டாக்ளிப்டின், வில்டாக்ளிப்டின், லினாக்ளிப்டின், டெனெலிக்ளிப்டின்... இந்த மாதிரி? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய பெரிய கணக்கெடுப்பு 2023ல் வெளியானது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது அது. ஏழு பேரை வரிசையாக நிற்கச் சொன்னால் அதில் ஒருத்தருக்கு! எங்கள் தல்லாகுளத்தில் காலை நேரம் தமுக்கம் பக்கம் நடக்கிறவர்களின் பேச்சைக் கேட்டாலே போதும். "உங்களுக்கு எவ்வளவு இருக்கு, எனக்கு இவ்வளவு இருக்கு" என்பதுதான் பேச்சு. மாத்திரைப் பேரெல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அது உள்ளே போய் என்ன செய்கிறது என்று கேட்டால், "சர்க்கரையைக் குறைக்கும்" என்பதோடு சரி.

உண்மையில் இந்த மாத்திரை சர்க்கரையை நேராகத் தொடுவதே இல்லை. அது நம் உடம்பில் இருக்கிற ஒரு கத்தரிக்கோலின் கையைப் பிடித்துக்கொள்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. என்ன கத்தரிக்கோல், எதை வெட்டுகிறது என்று பார்ப்போம்.

செல்லின் வாசலில் நிற்கும் வெட்டுக்காரர்

நாம் சாப்பிடும் பருப்பிலும் பாலிலும் இருக்கும் புரதம், மல்லிகைச் சரம் மாதிரி. ஒவ்வொரு பூவும் ஒரு அமினோ அமிலம். இந்தச் சரத்தை வெட்ட உடம்பில் பலவிதமான நொதிகள் இருக்கின்றன. என்ஸைம் என்று டாக்டர்கள் சொல்வது இவற்றைத்தான்.

இவற்றில் ஒன்றுக்கு டி.பி.பி.-4 என்று பேர். 1966ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். இது செல்லுக்குள்ளே ஒளிந்திருப்பதில்லை. செல்லின் மேல் தோலில் காலை ஊன்றிக்கொண்டு, கத்தரிக்கோலை வெளியே நீட்டியபடி நிற்கிறது. சிறுகுடலின் உள்சுவர், சிறுநீரகம், கல்லீரல், ரத்தக் குழாயின் உள்பக்கம், நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் எல்லாவற்றிலும் இது உண்டு. கொஞ்சம் ரத்தத்திலேயே மிதந்துகொண்டும் இருக்கும்.

இதன் வெட்டு ஒரு தனி தினுசு. சரத்தின் தலைப்பில் இருந்து எண்ணி இரண்டே இரண்டு பூவைத்தான் வெட்டும். அதுவும் இரண்டாவது பூ புரோலின் அல்லது அலனின் என்ற ஜாதியாக இருந்தால்தான் பெரும்பாலும் கை வைக்கும்.

இது எதற்கு என்று கேட்கலாம். புரோலின் இருக்கிற இடத்தை மற்ற நொதிகளால் லேசில் வெட்ட முடியாது. பாலிலும் கோதுமையிலும் இருக்கும் புரதங்களில் புரோலின் நிறைய. அந்தப் பிடிவாதக்காரத் துண்டுகளைச் சீரணிக்கக் குடலில் இது உதவி செய்கிறது. வெள்ளை அணுக்களின் மேல் நிற்கும்போது, எதிரி வந்தால் அவற்றைத் தட்டி எழுப்புவதிலும் இதற்குப் பங்கு உண்டு. ஆகவே டி.பி.பி.-4 வில்லன் இல்லை. உடம்புக்கு வேண்டியதுதான்.

தூதுவர் வருமுன்னே தலைப்பு போச்சு!

அப்படியானால் சர்க்கரை நோய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

1964ல் ஒரு வேடிக்கையான விஷயம் தெரிய வந்தது. குளுக்கோஸை ஊசி மூலம் ரத்தத்தில் ஏற்றினால் கொஞ்சம் இன்சுலின் சுரக்கிறது. அதே குளுக்கோஸை வாயால் குடித்தால் இன்னும் நிறையச் சுரக்கிறது! அப்படியென்றால் சாப்பாடு குடலில் இறங்கியதும், கணையத்துக்கு யாரோ "சாப்பாடு வந்தாச்சு, இன்சுலினை அனுப்பு" என்று ஆள் அனுப்புகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

அந்த ஆளில் முக்கியமானவருக்கு ஜி.எல்.பி.-1 என்று பேர். குடலில் பிறக்கும் ஹார்மோன். சுமார் 30 பூ கோத்த குட்டிச் சரம். இது இன்சுலினைச் சுரக்கச் சொல்லும். ஈரலில் இருந்து சர்க்கரையை வெளியே தள்ளச் செய்யும் குளுக்ககான் என்ற ஹார்மோனை அடக்கும். இரைப்பை மெதுவாகக் காலியாகச் செய்யும். மூளைக்குப் போய் "போதும், வயிறு நிறைஞ்சாச்சு" என்றும் சொல்லும். அதைவிட அருமையான குணம், ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால்தான் இது இன்சுலினைத் தூண்டும். சர்க்கரை இறங்கிவிட்டால் தானே அடங்கிவிடும்.

ஆனால் பாவம், இதற்கு ஆயுசு கம்மி. இதன் இரண்டாவது பூ அலனின். டி.பி.பி.-4 சும்மா விடுமா? தலைப்பில் இரண்டு பூவை வெட்டிப் போட்டுவிடும். மீதி 28 பூ இருந்தும் பிரயோஜனம் இல்லை. பல் உடைந்த சாவி பூட்டைத் திறக்காத மாதிரிதான். இரண்டு நிமிஷத்தில் பாதித் தூதுவர்கள் காலி!

திடமான உடம்புக்கு இந்த இரண்டு நிமிஷமே போதும். ஆனால் பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் கணையம் தளர்ந்திருக்கிறது. தூதுவர் சொல்வது அதன் காதில் சரியாக விழுவதில்லை. தூதுவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று சொன்னால் நல்லது, இல்லையா? அதற்குத்தான் க்ளிப்டின் மாத்திரை. இது கத்தரிக்கோலின் வாயில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெட்டு குறையும். ரத்தத்தில் நல்ல நிலையில் இருக்கும் ஜி.எல்.பி.-1 சுமார் இரண்டு மடங்காகும். முதல் மாத்திரையான சிட்டாக்ளிப்டின் 2006ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

எதிர்சேவை அன்று நடந்தது

இதெல்லாம் படித்தவர்கள் சமாசாரம், நமக்கெதற்கு என்று நினைக்கக் கூடாது. தெரியாததால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முதல் நாள் எங்கள் பகுதியில் எதிர்சேவை. ஊரே தெருவில்தான் நிற்கும். என் பெரிய நாத்தனார் அந்த வருஷம் காலையில் மாத்திரையை எல்லாம் போட்டுக்கொண்டு, "சாமி பார்த்துட்டுத்தான் சாப்பாடு" என்று வெறும் மோரோடு கிளம்பிவிட்டார். மத்தியானம் தாண்டியதும் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. பேச்சு சம்பந்தா சம்பந்தம் இல்லாமல் வந்தது. பக்கத்தில் பானகம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு தம்ளர் குடிக்க வைத்தார்கள். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார்.

வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது என்ன தெரியுமா? "போன மாசம் கொடுத்த புது மாத்திரைதான் காரணம். அதை நிறுத்து!" புது மாத்திரை என்றது க்ளிப்டினை. மறுநாள் டாக்டரிடம் போனபோது அவர் இரண்டு அட்டையையும் மேஜையில் வைத்து விளக்கினார். "அம்மா, இது சர்க்கரை ஏறினால்தான் வேலை செய்யும். நீங்கள் ரொம்ப நாளாகப் போடும் க்ளிமிபிரைட் அப்படி இல்லை. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்தைப் பிழிந்து இன்சுலினை எடுக்கும். இரண்டும் சேர்ந்தபோது வயிறும் காலியாக இருந்தது. அதுதான் வினை" என்றார். பழைய மாத்திரையின் அளவைப் பாதியாக்கினார். புதியதை நிறுத்தவில்லை.

வீட்டார் சொன்னபடி புதியதை நிறுத்திவிட்டு, பழையதை மட்டும் போட்டுக்கொண்டு இன்னொரு விரதம் இருந்திருந்தால்? நினைத்தாலே பகீரென்கிறது. இப்படி மயக்கம் வருகிற மாதிரி இருந்தால், நினைவு இருக்கும்போதே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிஷம் கழித்துச் சரியாகாவிட்டால் மறுபடி கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிதான்.

எது முடியும், எது முடியாது?

இந்த மாத்திரை மூன்று மாத சராசரியான ஹெச்.பி.ஏ.1.சி. அளவை அரை முதல் முக்கால் புள்ளி வரை குறைக்கும். அதற்கு மேல் பேராசை வேண்டாம். எடையைக் கூட்டாது, குறைக்கவும் குறைக்காது. சிட்டாக்ளிப்டினை வைத்து 14,671 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வு 2015ல் வெளியானது. மாரடைப்பை அது கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆகவே இருதயமோ சிறுநீரகமோ பழுதானவர்களுக்கு டாக்டர்கள் வேறு மாத்திரையை முன்னால் வைப்பதுண்டு.

கவனிக்க வேண்டியதும் உண்டு. மேல் வயிற்றில் முதுகு வரை போகும் கடுமையான வலி, கூடவே வாந்தி என்றால் கணையம் வீங்கியிருக்கலாம். அபூர்வம்தான், ஆனாலும் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். வயதானவர்களுக்குத் தோலில் பெரிய நீர்க் கொப்புளங்கள் வந்தாலும், மூட்டு வலி தாங்க முடியாமல் போனாலும் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பலவீனமானால் சிட்டாக்ளிப்டினின் அளவைக் குறைப்பார்கள், லினாக்ளிப்டினுக்கு அது தேவையில்லை. அதனால்தான் "பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இதே மாத்திரைதான்" என்று கடன் வாங்கிப் போடக் கூடாது.

விலை பற்றியும் ஒரு வார்த்தை. 2019 முடிவில் வில்டாக்ளிப்டினுக்கும், 2022ல் சிட்டாக்ளிப்டினுக்கும் காப்புரிமை தீர்ந்தது. பல கம்பெனிகள் தயாரிக்க ஆரம்பித்ததும் விலை மளமளவென்று இறங்கியது. 2022 செப்டம்பரில் மக்கள் மருந்தகங்களில் சிட்டாக்ளிப்டின் 50 மில்லிகிராம் 10 மாத்திரை 60 ரூபாய்க்கு வந்தது. காசுக்காக ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறவர்கள், மலிவான அதே மருந்து உண்டா என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேட்கலாம்.

பல்லி சொன்ன ரகசியம்

கத்தரிக்கோலின் கையைப் பிடிப்பது ஒரு வழி. வெட்டுப்படாத சரத்தைக் கட்டுவது இன்னொரு வழி. அமெரிக்கப் பாலைவனத்தில் கிலா என்று ஒரு விஷப் பல்லி உண்டு. அதன் எச்சிலில் ஜி.எல்.பி.-1 மாதிரியே ஒரு சரம் இருப்பதை 1992ல் கண்டார்கள். அதன் இரண்டாவது பூ அலனின் இல்லை, கிளைசின். டி.பி.பி.-4 அதைச் சீண்டுவதே இல்லை! அதில் இருந்து வந்த ஊசி 2005ல் மருந்தானது. இப்போது வாரத்துக்கு ஒன்று போடும் செமாக்ளூடைடும் இரண்டாவது பூவை மாற்றிக் கட்டிய சரம்தான். இளைக்க வேண்டும் என்ற ஆசையில் டாக்டரைக் கேட்காமல் இதைத் தேடிப் போகாதீர்கள், சகோதரிகளே!

செல்லின் வாசலில் நிற்பவர்களால் வேறு வம்பும் உண்டு. 2012ல் சவுதி அரேபியாவில் முதலில் தெரிய வந்த மெர்ஸ் காய்ச்சலின் வைரஸ், இந்த டி.பி.பி.-4ஐத்தான் கைப்பிடியாகப் பற்றிக்கொண்டு நுரையீரல் செல்லுக்குள் நுழைகிறது. கொரோனா வைரஸ் பற்றியது ஏ.சி.இ.-2 என்ற இன்னொரு வெட்டுக்காரரை. வீட்டுக் காவலுக்கு நின்ற ஆளின் தோளில் கை போட்டுத் திருடன் உள்ளே வந்த கதை!

இளம் தாய்மார்களுக்கு

கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் க்ளிப்டின் மாத்திரைகளைக் கொடுப்பதில்லை. சர்க்கரைக்கு இந்த மாத்திரை சாப்பிடும் பெண், பிள்ளைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். முன்னால் சர்க்கரை இல்லாதவர்களுக்கும் கர்ப்பத்தில் வரலாம். சென்னை டாக்டர் வி. சேஷய்யாவின் பாடுதான், 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் எளிய பரிசோதனை இங்கே பரவியது. 140 அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும். அந்தச் சோதனையைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

நம் கையில் இருப்பது

மாத்திரை தூதுவரைக் காப்பாற்றும். ஆனால் தூதுவரை அனுப்புவது சாப்பாடு! நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். முதலில் கீரை, கூட்டு, சுண்டல், பருப்பு. சோறு அதற்கு அப்புறம், அளவோடு. இப்படிச் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை சட்டென்று ஏறாது. அவசரமாக அள்ளிப் போடாமல் நிதானமாக மென்று சாப்பிடுங்கள். சாப்பிட்டபின் பத்து நிமிஷம் முற்றத்திலாவது நடங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். "இந்த மாத்திரை சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்குமா? விரத நாளில் எதை விட வேண்டும், எதை விடக் கூடாது? என் சிறுநீரகத்துக்கு இந்த அளவு சரிதானா?" பதிலை வீட்டில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதி ஒட்டுங்கள். மாத்திரை போடுகிறவர் ஒருத்தராக இருந்தாலும், அதைப் பற்றித் தெரிந்தவர் வீட்டில் இரண்டு பேராவது இருக்கட்டும்.