மெட்டு ஒத்துப்போனால் திருட்டாகிவிடுமா?

செங்காங் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, ஒரு கீபோர்டை வைத்துக்கொண்டு தைப்பூசத்துக்குக் காவடிப் பாட்டு ஒன்று போடுகிறீர்கள். யூடியூபில் ஏற்றிய மறுநாளே ஒருவர், “இது அந்தப் படப் பாட்டாச்சே!” என்கிறார். வயிற்றைக் கலக்குகிறது. எப்போது கலங்க வேண்டும், எப்போது வேண்டாம் என்று பார்ப்போம்.

காதுக்கு ஒரே மாதிரி கேட்டாலே பதிப்புரிமை (படைப்பை நகலெடுக்கவும் வெளியிடவும் படைத்தவருக்குச் சட்டம் தரும் உரிமை) மீறலா? இல்லை. முந்தைய பாட்டிலிருந்து எடுத்தீர்களா, எடுத்தது அந்தப் பாட்டின் முக்கியமான பகுதியா என்ற இரண்டையும் சட்டம் கேட்கும். ஒருவர் பாட்டை ஒருவர் அறியாமல் இருவர் ஒரே மெட்டுக்கு வந்து சேர்ந்தால் அது மீறல் ஆகாது.

“அப்படியானால் நான் கேட்டதே இல்லை என்று சொல்லிவிட்டால் போதுமே?” போதாது. ஊரெல்லாம் ஒலித்த பாட்டென்றால் யாரும் நம்பமாட்டார்கள். தன்னையறியாமல் எடுத்தாலும் தப்ப முடியாது. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனுக்கு நடந்தது அதுதான். அவருடைய ‘மை ஸ்வீட் லார்ட்’, 1963இல் வந்த ‘ஹீ இஸ் சோ ஃபைன்’ பாட்டின் நகல் என்று நியூயார்க் நீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது. வேண்டுமென்று எடுக்கவில்லை, மனதில் தங்கியிருந்தது தன்னையறியாமல் வந்துவிட்டது என்று நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆனாலும் அது மீறல்தான் என்றார்.

ராகத்துக்கு யாராவது சொந்தம் கொண்டாட முடியுமா? முடியாது. மோகனத்தில் இருப்பது ஸ, ரி, க, ப, த என ஐந்தே சுரம். அதில் யார் பாட்டுப் போட்டாலும் கொஞ்சம் ஒன்றையொன்று நினைவூட்டத்தான் செய்யும். தாளமும், எல்லாரும் புழங்கும் கிட்டார் கார்டு வரிசையும் இப்படியே பொதுச்சொத்து. பாடகர் மார்வின் கேயின் பாட்டை எடுத்தார் என்று இன்னொரு பாடகர் எட் ஷீரன்மேல் தொடரப்பட்ட வழக்கு 2023இல் நியூயார்க்கில் அவருக்குச் சாதகமாக முடிந்தது. அங்கே பெரிய சண்டையே நாலு கார்டு பற்றித்தான்.

ராகத்துக்குள் ஒருவர் கட்டிய உருப்படி வேறு. அதற்கு உரிமை உண்டு. ‘பொன்னியின் செல்வன் 2’ படத்தின் ‘வீரா ராஜ வீரா’ பாட்டு, அடாணா ராகத்தில் டாகர் சகோதரர்கள் பாடிய ‘சிவ ஸ்துதி’யிலிருந்து எடுக்கப்பட்டது என்று வழக்கு வந்தது. 2025 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, ஏ.ஆர். ரகுமானும் தயாரிப்பாளர்களும் 2 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்றார். செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்தது. ஒரு உருப்படியைப் பாடியவர் என்பதாலேயே அதை இயற்றியவர் ஆகிவிட மாட்டார் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆக, ஒத்துப்போவதைக் காட்டினால் மட்டும் வழக்கு நிற்காது. இயற்றியது யார் என்பதையும் காட்டியாக வேண்டும்.

நம்மூர்ச் சம்பவத்தைப் பாருங்கள். ‘கவுண்ட் ஆன் மீ, சிங்கப்பூர்’ 1986இல் ஹியூ ஹாரிசன் எழுதிய தேசிய தினப் பாட்டு. உரிமை அரசாங்கத்திடம். 2021 மார்ச்சில், இந்தியாவில் ‘வீ கேன் அச்சீவ்’ என்ற பாட்டைப் பாடும் காணொளிகள் பரவின. மெட்டு அதே மெட்டு, சிங்கப்பூர் என்று வரும் இடத்தில் இந்தியா. மும்பை இசை ஆசிரியர் ஜோயி மெண்டோசா, அதைத் தாம் 1983இலேயே எழுதிவிட்டதாகச் சொன்னார். ஆண்டைக் கவனித்தீர்களா? அது உண்மையானால் நகல் நம்முடையதாகிவிடும்! இங்கே பலருக்குக் கோபம் வந்ததும் அதனால்தான். மூல ஒலிநாடாக்கள் 2005 மும்பை வெள்ளத்தில் போய்விட்டன என்றார் அவர். கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சு ஆதாரம் கேட்டது. அந்த மாதமே அவர் கோரிக்கையை முழுமையாகத் திரும்பப் பெற்று மன்னிப்பும் கேட்டார். விவகாரம் நீதிமன்றம்வரை போகவே இல்லை.

எனவே முதல் வேலை, தேதியோடு ஆதாரம் வைத்துக்கொள்வது. சிங்கப்பூரில் பதிப்புரிமைக்குப் பதிவு அலுவலகம் கிடையாது. பாட்டை எழுதியோ பதிவு செய்தோ வைத்த கணமே உரிமை பிறந்துவிடும். ஆகவே கைப்பேசியில் முனகிப் பார்த்த முதல் பதிவு, அடித்துத் திருத்திய வரிகள், நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய அரைகுறை மெட்டு எதையும் அழிக்காதீர்கள். நாளை உங்களுக்காகப் பேசப்போவது அவைதான்.

“எட்டு சுரம்வரை எடுக்கலாமாமே?” இந்தக் கதையை ரெக்கார்டிங் ஸ்டுடியோக்களில் இன்னும் சொல்கிறார்கள். அப்படி ஒரு கணக்கு சட்டத்தில் இல்லை. ஒரு கைப்பேசி விளம்பரத்துக்கு ராம் சம்பத் போட்ட சின்ன மெட்டு, ‘கிரேஸி 4’ இந்திப் படப் பாட்டுகளில் வந்தது. 2008இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தப் பாட்டுகளோடு படத்தை வெளியிடத் தடை போட்டது. தயாரிப்பாளர்கள் 2 கோடி ரூபாய் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டதாகச் செய்தி வந்தது. மெட்டின் நீளம் அங்கே யாரையும் காப்பாற்றவில்லை.

இனி உங்கள் காவடிப் பாட்டு. படப் பாட்டு மெட்டில் முருகன்மேல் வரி எழுதினால் வரி உங்களுடையது, மெட்டு உங்களுடையதல்ல. “பக்திக்குத்தானே, காசு வாங்கவில்லையே” என்பதால் மட்டும் விலக்குக் கிடைக்காது. விவரத்தில் இசையமைப்பாளர் பெயரைப் போட்டு நன்றி சொல்வது மரியாதை, அனுமதி ஆகாது. வரியை மாற்றி வெளியிட, மெட்டின் உரிமையாளரையே கேட்க வேண்டும். அவர் இசையமைப்பாளராக இருக்கலாம், இசை நிறுவனமாகவும் இருக்கலாம். மேடையில் உள்ளபடியே பாடுவதற்கு, நிகழ்ச்சி நடத்துபவர்கள் ‘காம்பஸ்’ என்ற இசைப் படைப்பாளர் சங்கத்திடம் உரிமம் எடுப்பது வழக்கம். இணையத்தில் கிடைத்த கரோக்கி இசையின்மேல் பாடினால் இன்னொரு சிக்கல்: மெட்டுக்கு ஓர் உரிமை, அந்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை.

பழைய பாட்டென்றால்? சிங்கப்பூரில் உரிமை, படைத்தவர் காலமான பிறகு 70 ஆண்டு நீடிக்கும். இந்தியாவில் 60. மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் மறைந்தது 2015இல். இந்தியக் கணக்கிலேயே அவர் மெட்டுகள் 2075 முடியும்வரை பாதுகாப்பில் இருக்கும். தியாகராஜர் கீர்த்தனைக்கும் அருணகிரிநாதரின் திருப்புகழ் வரிகளுக்கும் தடையில்லை. ஆனால் திருப்புகழுக்கு அண்மையில் ஒருவர் புது மெட்டுப் போட்டிருந்தால் அந்த மெட்டு அவருடையது. செங்காங் வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயத்தில் பாடிய பஜனையைப் படம்பிடித்து ஏற்றுகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

யூடியூபிலிருந்து அறிவிப்பு வந்தால் முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். ‘கன்டென்ட் ஐடி’ (ஒத்த இசையைத் தானாகக் கண்டறியும் யூடியூப் முறை) கோரிக்கை என்றால் பெரும்பாலும் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், அவ்வளவுதான். நீங்கள் மறுத்தால் அவர் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். ‘ஸ்டிரைக்’ (பதிப்புரிமை மீறல் எச்சரிக்கை) என்றால் விஷயம் பெரிது. 90 நாளில் மூன்று சேர்ந்தால் சேனலே மூடப்படலாம்.

வழக்கறிஞர் கடிதம் வந்தால் பதறியோ கோபத்திலோ பதில் எழுதாதீர்கள். சிங்கப்பூர்ச் சட்டப்படி, உண்மையான நஷ்டத்தை நிரூபிக்காமலேயே ஒரு படைப்புக்கு 10,000 வெள்ளிவரை நீதிமன்றம் இழப்பீடு விதிக்க முடியும். மொத்தத்தில் உச்சவரம்பு பொதுவாக 200,000 வெள்ளி. ஆகவே காணொளியை மறைத்து வைத்துவிட்டு, மூலக் கோப்புகளைப் பத்திரப்படுத்துங்கள். வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுக்க வசதியில்லாவிட்டால் ‘ப்ரோ போனோ எஸ்ஜி’யின் இலவசச் சட்ட ஆலோசனைக்கு நேரம் கேட்கலாம். போகும்போது உங்கள் பாட்டு, அவர்கள் பாட்டு, தேதியுள்ள அந்த முதல் முனகல் பதிவு மூன்றையும் எடுத்துப் போங்கள்.