சேர்வராயன் மலைக்கு ஏற்ற டிரெய்லர் எது?

சேலத்து அடிவாரத்திலிருந்து சேர்வராயன் மலைமேலுள்ள ஏற்காட்டுக்குப் போகும் மலைப்பாதை, சுமார் 20 கிலோமீட்டர் தூரத்துக்குள் 20 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தைக் கடந்துவிடுகிறபடியால், காரின் பின்னால் ஒரு சிறு வீட்டைப் பூட்டிக்கொண்டு போய், கிளியூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டம் ஒன்றில் பத்து நாளோ ஒரு மாதமோ தங்க ஆசைப்படுகிறவர், அந்த வீட்டில் கட்டில் எத்தனை, அடுப்பு எந்தப் பக்கம் என்று விசாரிப்பதற்கு முன், அந்தப் பாதை எதை அனுமதிக்கும் என்று விசாரிப்பதே முறை. விற்பனைக்காரர்கள் காட்டும் படங்களில் டிரெய்லர்கள் எப்போதும் சமவெளிப் புல்தரையில்தான் நிற்கின்றன.

கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையை வகுத்தது. தமிழ்நாட்டின் 2023ஆம் ஆண்டுச் சுற்றுலாக் கொள்கையிலும் அதற்கு இடம் உண்டு. ஆனால் எஞ்சினும் வீடும் ஒன்றாயிருக்கும் கேரவனில் தங்குகிறவர், காலையில் பால் வாங்கப் போவதென்றாலும் வீட்டையே ஓட்டிக்கொண்டு போகவேண்டும். டிரெய்லரையோ ஓரிடத்தில் கழற்றி நிறுத்திவிட்டுக் காரில் எங்கும் போய்வரலாம். ஏற்காடு ஏரியிலிருந்து மூன்று கிலோமீட்டர் தூரத்திலுள்ள கிளியூர் நீர்வீழ்ச்சிக்கு, கடைசிப் பகுதியைப் படியிறங்கி நடந்தே போகவேண்டியிருப்பதால், எந்த வண்டியும் அருவியடிவரை உதவாது. நீடித்துத் தங்குகிறவருக்கு டிரெய்லரே சௌகரியம் என்பது என் அபிப்பிராயம். அந்த டிரெய்லர் சிறியதாயும் லேசானதாயும் இருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை.

நீளத்தை முதலில் பார்ப்போம். வளைவில் திரும்பும்போது டிரெய்லரின் சக்கரம் காரின் தடத்திலேயே வருவதில்லை, உள்பக்கமாக ஒதுங்கி வருகிறது. கொக்கி மாட்டிய இடம் ஏழு மீட்டர் ஆரத்தில் சுற்றுவதாக வைத்துக்கொண்டால், கொக்கியிலிருந்து அச்சுவரை மூன்று மீட்டர் உள்ள டிரெய்லர் முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே உள்வாங்கும். அதே தூரம் ஐந்து மீட்டரானால் உள்வாங்கல் இரண்டு மீட்டரைத் தாண்டிவிடும். மேலேயிருந்து பஸ் இறங்கிக்கொண்டிருக்க, உள்பக்கத்தில் மலைச்சுவரும் வடிகாலும் இருக்க, இந்த இரண்டு மீட்டரை எங்கிருந்து கொண்டுவருவது? அச்சுவரை மூன்று மூன்றரை மீட்டருக்கு மேற்பட்டதை இந்த மலைக்கு வாங்காதிருப்பதே உத்தமம். எட்டுப் பேர் படுக்க இடம் வேண்டும் என்கிறவர் விடுதியில் இரண்டு அறை எடுத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

அடுத்தது எடை. ஏற்றத்தைக் கண்டு அஞ்சுகிறவர்கள் அதிகம். கணக்கோ வேறு விதமாகச் சொல்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இந்தச் சரிவை ஏற, 750 கிலோ டிரெய்லருக்காக எஞ்சின் கூடுதலாகத் தரவேண்டியது நான்கு குதிரைச் சக்தி அளவே. இரண்டு டன் டிரெய்லருக்குப் பதினொன்று. டர்போ இல்லாத எஞ்சின் 1,500 மீட்டர் உயரத்தில் ஏழில் ஒரு பங்கு பலத்தை இழந்துவிடும் என்பதைச் சேர்த்துக்கொண்டாலும், லேசான டிரெய்லரை ஒரு நல்ல கார் முணுமுணுக்காமல் இழுத்துவிடும். உண்மையான பரீட்சை இறக்கத்தில்தான் இருக்கிறது. 750 கிலோ பாரம் 1,000 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 23 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. டிரெய்லரில் பிரேக் இல்லையேல் இந்த வெப்பத்தின் பெரும்பகுதியைக் காரின் பிரேக்கும் எஞ்சினும்தான் தாங்கவேண்டும்.

ஐரோப்பாவில் 750 கிலோவரை பிரேக் இல்லாத டிரெய்லரை அனுமதிக்கிறார்கள். நம் நாட்டு வகைப்பாட்டிலும் மிகச் சிறிய டிரெய்லர் வகைக்கு அதுவே மேல்வரம்பு. சட்டம் எப்படியாயினும், சேர்வராயன் மலையில் பிரேக் இல்லாத டிரெய்லரை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பிரேக்கிலும் இரண்டு ஜாதி உண்டு. டிரெய்லர் பின்னாலிருந்து காரைத் தள்ளும் தள்ளலையே கொண்டு தானாகப் பிடிக்கும் பிரேக் மலிவானது. ஆனால் எஞ்சினால் வேகத்தைக் கட்டி இறங்கும்போது அந்தத் தள்ளல் ஓயாமல் இருப்பதால், அது அடிவாரம்வரை பிடித்தபடியே வந்து சூடேறும். ஓட்டுகிறவரின் கைக்கட்டுப்பாட்டிலுள்ள மின்சார பிரேக்குக்கு அந்தத் தோஷம் குறைவு. எதுவாயினும், ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும் என்ற லாரிக்காரர்களின் விதிக்கு விலக்கு இல்லை.

பாரத்தைப் பரப்பும் சூட்சுமத்தை நம் வண்டிக்காரர்கள் எந்தப் புத்தகமும் படியாமலே அறிந்திருந்தார்கள். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும், பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கிக் கழுத்தை இறுக்கும் என்று, மூட்டையை ஒரு சாண் முன்னே தள்ளியும் பின்னே இழுத்தும் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்துப் புறப்படுவார்கள். டிரெய்லரில் பின்பாரம் ஏறினால் காரின் பின்சக்கரங்கள் தரைப்பிடிப்பை இழக்கும். வேகமெடுத்தால் டிரெய்லர் பாம்பாக நெளியும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின்மேல் அமர்வது அமெரிக்க வழக்கம்: 600 கிலோவுக்கு 60 முதல் 90 கிலோ. காரின் கொக்கி அவ்வளவு தாங்குமா என்பதைக் காரின் கையேட்டில் பார்க்கவேண்டும். கையேடு இழுக்காதே என்று சொன்னாலோ, இழுவையைப் பற்றி வாயே திறக்காவிட்டாலோ, அந்தக் காரை விட்டுவிடுவதுதான் விவேகம்.

மழையும் பனிமூட்டமும் மலிந்த இந்த மலையில், மரச்சட்டத்தின்மேல் தகடு போர்த்திய உடல் இணைப்புத்தோறும் நீர் உறிஞ்சி, சில பருவங்களுக்குள் உள்ளேயிருந்து மக்கத் தொடங்கும். 1968இல் கனடாவின் வின்னிபெக் நகரில் ரே ஓலெக்கோ வடிவமைத்த ‘போலர்’ என்ற முட்டை வடிவ டிரெய்லர், ஃபைபர் கண்ணாடியில் வார்த்த இரண்டே பாதிகளைச் சேர்த்துச் செய்தது. 13 அடி நீளமும் 450 கிலோவுக்குட்பட்ட எடையுமாக, ஒழுகுவதற்கு ஒரேயொரு பெரிய இணைப்பை மட்டும் வைத்துக்கொண்ட அந்த யுக்தி இந்த மலைக்கும் பொருந்தும். கூரையில் சூரியத் தகடு வைப்பவர்கள், சில்வர் ஓக் நிழலிலும் மூடுபனியிலும் அது அரைவயிற்றுக்கே மின்சாரம் தரும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. ஆகவே அதற்கும் பதிவு தேவை. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் டிரெய்லரைப் போக்குவரத்து அல்லாத வாகனங்களின் பட்டியலில் மத்திய அரசு 2004இல் சேர்த்தது. நிறுத்துமிடம் தோட்ட உரிமையாளரின் அனுமதியோடு கிடைத்த தட்டையான களமாயிருக்கட்டும். காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதும் தீ மூட்டுவதும் 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். ஏரியின் உபரிநீரே கிளியூர் அருவியாக விழுகிறது என்பதால், குளியல் நீரையும் கழிப்பறைத் தொட்டியையும் ஓடையோரத்தில் திறந்துவிடுகிறவர் கீழே குளிக்கிறவர்களின் தலையில்தான் திறந்துவிடுகிறார். அடைமழைக் காலத்தை அறவே தவிர்க்கவேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின் மழையில் இந்த மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோயிற்று.

விலை பேசி முடிக்குமுன் ஒரு காரியம் செய்யலாம். வெறும் வண்டியின் எடையைச் சொல்லும் விளம்பரத்தாளை ஒதுக்கிவிட்டு, மெத்தை, பாத்திரம், அரிசி, சிலிண்டர், பேட்டரி எல்லாவற்றையும் ஏற்றி, சேலத்தில் ஏதாவதொரு எடைமேடையில் டிரெய்லரை நிறுத்திப் பார்ப்பது. நிறைந்த 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றே, இரும்பின் எடையும் சேர்ந்து, 30 கிலோவை எட்டும். இன்வெர்ட்டருக்குப் போடும் பழைய ஈய பேட்டரி 50 கிலோவுக்கு மேல். சீட்டில் 750க்கு மேல் எண் விழுந்தால் முதலில் குறைக்கவேண்டியது தண்ணீரை. 100 லிட்டர் தொட்டியைக் காலியாக ஏற்றிக்கொண்டுபோய் மேலே நிரப்பிக்கொண்டால், 20 வளைவுகளுக்கும் 100 கிலோ மிச்சம்.