பிள்ளை அனிமேஷன் படிக்க ஆசைப்படுகிறதா? ஷோரீலைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

 

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் குடும்பங்களில், "பிள்ளை அனிமேஷன் படிக்கணும் என்கிறான், சேர்க்கலாமா?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். விழுப்புரத்திலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ சென்னைக்கோ புதுச்சேரிக்கோ அனுப்ப வேண்டும். தனியார் நிறுவனம் என்றால் கட்டணம் லட்சக்கணக்கில் போகும். அதற்காகப் பல வீடுகளில் நகை அடகுக்குப் போகிறது. இவ்வளவும் செய்து வாங்கிய சான்றிதழை மட்டும் காட்டினால் வேலை கிடைத்துவிடுமா? பெரும்பாலும் கிடைக்காது. இந்தத் தொழிலில் ஆள் எடுப்பவர் முதலில் கேட்பது ஷோரீலைத்தான். அது என்ன, பிள்ளைகள் அதை எப்படித் தயாரிக்க வேண்டும், பெற்றோர் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் விளக்குகிறோம்.

ஷோரீல் என்பது என்ன?

புதிதாக வேலை கேட்டு வரும் தையல்காரரிடம் கடைக்காரர், "நீ தைத்த சட்டை ஒன்றைக் காட்டு" என்பார். ஷோரீல் அந்தச் சட்டையைப் போன்றது. மாணவர் தானே செய்த வேலைகளில் சிறந்தவற்றை மட்டும் சேர்த்துத் தொகுத்த, ஒரு நிமிடம் அளவுக்கு ஓடும் வீடியோ.

அனிமேஷனில் பல தொழில்கள் உண்டு. உருவத்தை வடிவமைப்பவர் ஒருவர். அதற்குள் எலும்பும் மூட்டும் பொருத்தி அசைக்கக்கூடியதாக ஆக்குபவர் இன்னொருவர். அப்படிப் பொருத்திய உருவத்துக்கு ரிக் என்று பெயர். ஒளி அமைப்பவர் வேறொருவர். கேரக்டர் அனிமேட்டர் என்பவர் அந்த உருவத்தை நடிக்க வைப்பவர். கேமராவுக்கு முன்னால் வராத நடிகர் என்று அவரைச் சொல்லலாம்.

2012-ல் வந்த 'நான் ஈ' படத்தை நம் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அந்த ஈ ஒரு வார்த்தை பேசாது. மனிதரைப் போல் முகபாவமும் காட்ட முடியாது. ஆனாலும் அதன் கோபமும் பிடிவாதமும் நமக்குப் புரிகிறது. தலை சாய்ப்பதிலும் கால் தேய்ப்பதிலும் பறக்கும் வேகத்திலும் அதை நடிக்க வைத்தார்கள் ஹைதராபாத் மகுடா நிறுவனத்தின் கலைஞர்கள். அதே ஆண்டு வெளிவந்த 'லைஃப் ஆஃப் பை' படத்தின் கதை, நமக்குப் பக்கத்திலிருக்கும் புதுச்சேரியில் தொடங்குகிறது. படகில் சிறுவனுடன் வரும் புலி, பெரும்பாலான காட்சிகளில் கணினியில் உருவான புலி. ஆனால் பார்ப்பவருக்கு அதன் பசியும் சோர்வும் தெரியும். இப்படி உணர்வைக் கொண்டுவரும் திறமை இந்த மாணவரிடம் இருக்கிறதா என்றுதான் ஷோரீலைப் பார்ப்பவர் தேடுகிறார்.

எவற்றைச் சேர்க்க வேண்டும்?

முதலில் வேலை தேடும் மாணவருக்கு நான்கு அல்லது ஐந்து ஷாட் போதும். ஒவ்வொன்றும் ஒரு திறமையைக் காட்ட வேண்டும்.

ஒன்று, நடை. வெறும் நடையாக இல்லாமல், யாருடைய நடை என்று தெரிய வேண்டும். பரீட்சைக்குத் தாமதமாகப் போகிறவரும் பரீட்சையில் தோற்று வருகிறவரும் ஒரே மாதிரி நடப்பதில்லை.

இரண்டு, எடை. 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்குகிறவரைக் கவனியுங்கள். தூக்குவதற்கு முன் உடல் தாழ்கிறது, கால் அகல்கிறது, மூச்சைப் பிடிக்கிறார். மூட்டை சற்றுத் தாமதித்தே எழும்புகிறது. எழுந்த பிறகு ஓர் அடி தள்ளாடி நிலைகொள்கிறார். இவை இல்லாவிட்டால் மூட்டைக்குள் பஞ்சு இருப்பதாகத் தோன்றும்.

மூன்று, பேச்சில்லாத நடிப்பு. ஒருவர் மனம் மாறும் நொடியைக் காட்டுவது. கடைசி பிஸ்கட்டை எடுக்கக் கை நீட்டியவர், தம்பி பார்ப்பதைக் கண்டு அவனிடம் தட்டைத் தள்ளுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சிறிய சம்பவம் போதும்.

நான்கு, வசனம். வாய் அசைவு ஒலியோடு பொருந்த வேண்டும். 'அம்மா' என்று சொல்லும்போது நடுவில் உதடு மூடித் திறக்கும். 'அத்தா' என்று சொல்லும்போது உதடு மூடவே மூடாது. பிள்ளைகள் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தால் தெரியும். ஆனால் வாயைவிடக் கண்ணும் தோளும்தான் அதிகம் பேசும்.

ஒரு ஷாட் எப்படி உருவாகிறது?

திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. பத்து வினாடி ஷாட் என்றால் 240 படங்கள். கணினி இடைப்பட்ட படங்களை நிரப்பித் தரும். ஆனால் எந்த நொடியில் எந்த நிலை, எவ்வளவு நேரம் என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் காகிதத்தில் சிறுசிறு படங்களாக யோசனையை வரைய வேண்டும். அடுத்து அந்தக் காட்சியைத் தானே நடித்து செல்போனில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவைப் பார்த்து முக்கியமான நிலைகளை மட்டும் கணினியில் அமைக்க வேண்டும். இந்தக் கட்டத்திலேயே ஆசிரியரிடம் காட்டித் திருத்தம் கேட்பது நல்லது. பிறகு மாற்றுவது கடினம். அதன்பின் இடை நிலைகள், நேர அளவு, கடைசியாக விரல், இமை போன்ற நுணுக்கங்கள். மாணவருக்கு ஒரு நல்ல ஷாட்டுக்குப் பல வாரங்கள் ஆகும். பிள்ளை ஒரு மாதமாக ஒரே பத்து வினாடியைத் திருத்திக்கொண்டிருந்தால், சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று பெற்றோர் நினைத்துவிட வேண்டாம்.

டிஸ்னி நிறுவனத்தின் மூத்த அனிமேட்டர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-ல் வெளியிட்ட நூலில் இந்தக் கலையின் 12 அடிப்படை விதிகளைத் தொகுத்திருக்கிறார்கள். மூட்டை தூக்குமுன் உடல் தாழ்வது அவற்றில் ஒன்று. கையால் வரைந்த காலத்து விதிகள் என்றாலும் கணினிக்கும் அவையே பாடம்.

ஆனால் அசைவைக் கவனிக்க நம்மூரைவிட நல்ல இடம் இல்லை. விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் நகரத் தொடங்கியதும் ஓடி வருபவர், மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமந்து வரும் பெண், செஞ்சி ராஜகிரிக் கோட்டைப் படியில் பாதி ஏறி முழங்காலைப் பிடித்து நிற்கும் பெரியவர் என்று எல்லோரும் ஆசிரியர்கள். ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொள்ளலாம். அனுமதியில்லாமல் பிறரைப் படம் பிடிக்காமல், பார்த்ததை வீட்டில் நடித்துப் பதிவு செய்வதே முறை.

தொகுக்கும்போது

சிறந்த ஷாட் முதலில் வர வேண்டும். நிறைய ரீல்களைப் பார்க்கிறவர் முதல் சில வினாடிகளிலேயே மேலே பார்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்துவிடுவார். இரண்டாவது சிறந்ததைக் கடைசியில் வையுங்கள். நீளத்துக்காகச் சுமாரான ஷாட்டைச் சேர்க்காதீர்கள்; ஒரு பலவீனமான ஷாட் மற்ற நல்லவற்றின் மதிப்பையும் குறைத்துவிடும். 40 வினாடிதான் நன்றாக இருக்கிறது என்றால் 40 வினாடி போதும்.

சுழலும் எழுத்து, நீண்ட தலைப்பு, காதைப் பிளக்கும் இசை எதுவும் வேண்டாம். தொடக்கத்திலும் முடிவிலும் பெயர், வேலை, மின்னஞ்சல் மட்டும் இருக்கட்டும். பொதுவெளியில் வைக்கும் வீடியோவில் வீட்டு முகவரியும் செல்போன் எண்ணும் வேண்டாம். குறிப்பாகப் பெண் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

மற்றொன்று, அமானிதம். இலவசமாகக் கிடைக்கும் ரிக்கைப் பயன்படுத்துவது தவறில்லை. அதைச் செய்தவர் பெயரைப் போட்டு, "அசைவு மட்டும் என்னுடையது" என்று எழுத வேண்டும். குழுவாகச் செய்ததில் தன் பங்கு எது என்று சொல்ல வேண்டும். அடுத்தவர் ஷாட்டைத் தன்னுடையதாகக் காட்டுவது நம்பிக்கை மோசடி. இது சிறிய உலகம். பிடிபட்டால் பெயர் கெடும்.

முடித்ததும் ஒலியை நிறுத்திவிட்டு வீட்டிலுள்ள நன்னிமாவிடம் காட்டுங்கள். "இந்தப் பையன் ஏன் பயப்படுகிறான்?" என்று அவர் கேட்டால் ஷாட் வெற்றி. "என்னமோ ஆடுது" என்றால் இன்னும் வேலை இருக்கிறது.

பெற்றோர் பணம் கட்டுமுன்

சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "போன வருடம் முடித்த மாணவர்களின் ஷோரீல்களைக் காட்டுங்கள்" என்பதுதான். எல்லா ரீலிலும் ஒரே பொம்மை, ஒரே பந்து, ஒரே நடை இருந்தால் வகுப்புப் பயிற்சியைத் தாண்டி எதுவும் நடக்கவில்லை என்று பொருள். பாடம் நடத்துபவர் எங்கே வேலை செய்தவர், ஒரு மாணவருக்குத் தினம் எத்தனை மணி நேரம் கணினி, பாதியில் நின்றால் பணம் திரும்புமா என்பதையும் கேளுங்கள். "நூறு சதவீதம் வேலை" என்ற வாய்மொழியை நம்பாமல் எழுத்தில் கேளுங்கள். வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் தர வேண்டாம்.

தனியார் மட்டுமே வழி என்று இல்லை. சென்னை தரமணியில் உள்ள தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன் மற்றும் விஷுவல் எஃபெக்ட்ஸ் நான்காண்டுப் பட்டப்படிப்பாக இருக்கிறது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் நுழைவுத் தேர்வு மூலம் இந்தத் துறையில் சேரலாம். விண்ணப்ப அறிவிப்புகளைக் கவனித்திருங்கள்.

அதற்கும் முன்னால் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பிளெண்டர் என்ற மென்பொருள் முற்றிலும் இலவசம். 8 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் கற்கத் தொடங்கலாம். அதில் உருவான 'ஃப்ளோ' என்ற லாட்வியா நாட்டுப் படம் 2025-ல் ஆஸ்கர் வென்றது. அதிலும் பேச்சே கிடையாது. பூனையும் மற்ற விலங்குகளும் அசைவாலேயே கதை சொல்கின்றன.

தொழிலின் மறுபக்கம்

'லைஃப் ஆஃப் பை' புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனத்துக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரியில் அந்தப் படம் சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கரைப் பெற்றது. அதே மாதத்தில், விருதுக்குச் சில நாள் முன்பு, நிறுவனம் திவால் மனு செய்திருந்தது. 2025 தொடக்கத்தில் டெக்னிகலர் குழுமம் வீழ்ந்தபோது பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். உலகப் பெயர் பெற்ற நிறுவனம் என்பதால் மட்டும் வேலை நிலையானது ஆகிவிடாது. ஆகவே பட்டப்படிப்பை விட்டுவிட்டு இதற்கு வர வேண்டாம். நகையை அடகு வைத்து முதல் வருடமே முழுக் கட்டணத்தையும் கட்டவும் வேண்டாம். நிறுவனம் மூடினாலும் ரீல் கையில் இருக்கும். அதை ஆண்டுதோறும் புதுப்பித்து வைத்திருப்பவர் அடுத்த வேலையைத் தேட முடியும்.

உருவங்களை வரைவது பற்றி மார்க்கக் கேள்வி உள்ள குடும்பங்களும் இருக்கின்றன. அறிஞர்களிடையே இதில் வேறுபட்ட கருத்துகள் உண்டு. பணம் கட்டிய பிறகு தயங்குவதைவிட, முன்பே உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். கட்டடங்கள், பொருட்கள், ஒளியமைப்பு என்று உயிருருவம் இல்லாத பணிகளும் இதே துறையில் இருக்கின்றன.

ஆசைப்படும் பிள்ளைக்கு மூன்று மாதம் கொடுங்கள். ஒரு பத்து வினாடி ஷாட்டைத் தானே செய்து முடிக்கட்டும். முடித்துவிட்டு இன்னொன்று செய்ய ஆசைப்பட்டால் அந்தப் பிள்ளைக்கு இது ஏற்ற வழி. பாதியில் சலித்துவிட்டால் லட்சம் ரூபாய் மிச்சம், கோபிக்க ஒன்றுமில்லை. இந்தப் படிப்புக்குக் கல்வி உதவி கேட்டு வருகிறவர்கள் மதிப்பெண் பட்டியலோடு அந்த முதல் ஷாட்டையும் செல்போனில் கொண்டு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து பார்த்து முடிவு செய்வோம்.