புளித்த கோசும் பன்றி இறைச்சியும்

தில்லிக் குளிரில் இட்டிலி மாவு புளிக்கவில்லையே என்று வருந்தாத தமிழ் இல்லம் உண்டோ? அக்குளிரையே நாடிப் பதமாகும் புளிப்புணவு ஒன்றும் உலகில் உண்டு. ஜெர்மானியர் அதனை ஸாவர்கிரவுட் என்பர். புளித்த கோசு என்பது பொருள். அதனைப் பன்றி இறைச்சியோடு சேர்த்து மெல்லென வேகவைத்து உண்பது அவர்தம் குளிர்கால வழக்கம்.

இதில் புளியோ காடியோ சேர்வதில்லை. மெல்லியதாய் அரிந்த முட்டைக்கோசு 1 கிலோவுக்கு 20 முதல் 25 கிராம் உப்பிட்டுப் பிசைந்தால் நீர் விடும். பீங்கான் சாடியில் அதனை அழுத்தி, கோசு அந்நீருள் அமிழ்ந்திருக்குமாறு எடை வைத்து, இறுக்காது மூடவேண்டும். கோசில் உறையும் நுண்ணுயிர்கள் அதன் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அவற்றுள் முதலில் தொழிற்படுவது லூக்கோனோஸ்டாக் என்னும் இனம். நம் இட்டிலி மாவைப் பொங்கச் செய்வதிலும் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

இனம் ஒன்றாயினும் ஊரின் வெப்பமே பக்குவத்தை நிர்ணயிக்கிறது. 18 முதல் 22 பாகை செல்ஷியஸில் கோசு மூன்று முதல் ஆறு வாரங்களில் பதமாகும். பழவேற்காட்டு ஏரியை அடுத்து, ஆந்திர எல்லையில் அமைந்த தடாவின் கோடையிலோ அது விரைந்து புளித்துக் குழைந்துவிடும். அங்கு வாழும் தமிழர்க்கு மார்கழியும் தையுமே ஏற்ற காலம். அப்போதும் ஒரு வாரம் கழிந்ததும் சுவைத்துப் பார்த்து, புளிப்பு ஏறியவுடன் குளிர்பெட்டிக்கு மாற்றுதல் நலம். பூஞ்சை படர்ந்தாலும் அழுகல் வாடை வீசினாலும் எறிந்துவிடுக.

சமைக்கும் முறை எளிது. கொழுப்புள்ள தோள் இறைச்சி அரைக் கிலோவைப் பெருந்துண்டுகளாக்கிச் சிவக்க வதக்குக. வெங்காயம் இரண்டு, மிளகு, பிரிஞ்சி இலை, சிறிது சீரகம், அரிந்த ஆப்பிள் ஒன்று, பிழிந்த கோசு அரைக் கிலோ ஆகியவற்றைச் சேர்த்து, ஒரு குவளை நீர் வார்த்து மூடி, சிறு தீயில் இரண்டு மணி நேரம் வைக்கவேண்டும். உப்பைக் கடைசியில் பார்த்து இடுக. புளிப்பு உலோகத்தை அரிக்குமாதலால் ஈயம் பூசாத பித்தளையும் செம்பும் ஆகா. மண்சட்டியோ எவர்சில்வரோ போதும். இறைச்சியை அரைவேக்காட்டில் உண்ணலாகாது. நாடாப்புழு முதலியவற்றால் தீங்கு நேரும். நெடுநேரம் வேகும்போது கடினமான தசைநார் கரைந்து குழம்பைத் தடிப்பாக்குகிறது.

புளிப்பு கொழுப்பின் திகட்டலைத் தணிக்கும். குடகர் பன்றிக்கறியில் கச்சம்புளி இடுவதும், கோவாவினர் காடி சேர்ப்பதும் இக்கருத்துப் பற்றியே.

மாவு பொங்காத குளிர்நாட்டில் உறையும் அன்பர்களே! அக்குளிரைப் பழிப்பானேன்? ஒரு சாடிக் கோசை அதனிடம் ஒப்படையுங்கள்.