ஒலி காட்டும் திரை: பார்வையற்றோரும் கட்டற்ற இயங்குதளமும்

பிறர் கண்ணின் துணையின்றிப் புதுக் கணினியொன்றை ஒருவர் தாமே ஆயத்தப்படுத்திக்கொள்ள இயலுமா? பார்வையற்றோர்க்கு இதுவே முதல் வினா. மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ளது. காம்பாரிலோ அதனைச் சூழ்ந்த பழைய தோட்டப் பகுதிகளிலோ வாழ்பவர்க்கு அது அன்றாடம் சென்றுவரும் தொலைவன்று. விண்டோஸில் நெடுங்காலமாக வழங்கும் ஜாஸ் என்னும் திரைபடிப்பானோ விலை மிகுந்தது. என்விடிஏ என்னும் இலவசத் திரைபடிப்பான் அங்கு உண்டென்பது உண்மையே; ஆயினும் இயங்குதளம் முழுவதையும் கட்டணமின்றிப் பெற்றுப் பிறர்க்கும் படியெடுத்து வழங்க விரும்புவோர்க்கு லினக்சே ஏற்றது.

டெபியன் நிறுவல் கோப்பு அடங்கிய விரலியைக் கொண்டு கணினியைத் தொடக்கினால், பட்டியல் தோன்றும்போது 'பீப்' ஒலி எழும். உடனே ஆங்கில 'எஸ்' விசையையும் அடுத்து 'என்டர்' விசையையும் அழுத்த, நிறுவல் நிரல் பேசத் தொடங்கும். தெரிவுகள் எண்ணிட்டுக் கூறப்படும். வேண்டிய எண்ணைத் தட்டினால் போதும். உபுண்டுவில் விண்டோஸ் சின்ன விசை, 'ஆல்ட்', 'எஸ்' ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஓர்கா விழித்துக்கொள்ளும்.

ஓர்கா என்பது லினக்சின் திரைபடிப்பான். ஜாஸ் என்றதும் சுறாவின் தாடை நினைவுக்கு வரும். அதற்கு விடையாகவே கடல்வேட்டையில் சுறாவையும் வெல்லும் விலங்கின் பெயரை இதற்குச் சூட்டினர் போலும். 'இன்செர்ட்' விசையுடன் 'எச்' அழுத்தினால் கற்றல் நிலை தொடங்கும். அப்போது எந்த விசையைத் தொட்டாலும் அதன் பெயரையும் பணியையும் ஓர்கா சொல்லும். முதல் வாரத்தை இதற்கே ஒதுக்கலாம். 'எஸ்கேப்' விசை அந்நிலையிலிருந்து வெளிக்கொணரும்.

'இன்செர்ட்' விசையும் இடைவெளி விசையும் அமைப்புகளைத் திறக்கும். அங்கே ஈஸ்பீக் என்ஜி வழங்கும் தமிழ்க் குரலைத் தெரிவு செய்யலாம். அக்குரல் இனிமையானதன்று, இயந்திரத்தன்மை மிக்கது. எனினும் விரைவாக வாசிக்கச் செய்தாலும் சொல் சிதையாது. பழகிய செவிக்கு அதுவே பெரிது. தட்டெழுதுவதற்கு, கேரளத்தில் உருவான ஐபஸ்-பிரெய்ல் என்னும் கருவி, விசைப்பலகையின் ஆறு விசைகளைப் பிரெய்லின் ஆறு புள்ளிகளாக்குகிறது.

இத்தனையும் அமைந்த பின்னரும் ஓர் இடர் எஞ்சுகிறது. அதற்குக் காரணம் இயங்குதளமன்று, நம் கோப்புகளே. ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்கள் பலவற்றில், இலத்தீன் எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவம் வைக்கப்பட்டிருந்தது. கண் 'அ'வைக் காணும். கோப்பிலிருப்பதோ ஆங்கில எழுத்து. ஓர்கா கோப்பிலுள்ளதையே வாசிக்கும். ஆகவே அழகிய தமிழ்க் கட்டுரையொன்று செவியில் பொருளற்ற ஒலிக்கோவையாய் விழும். படமாக வருடப்பட்ட நூலிலோ ஒலியே எழாது. டெசராக்ட் போன்ற எழுத்துணரியால் முதலில் அதனை எழுத்தாக்க வேண்டும்.

கோப்பு எவ்வகையது என அறிதல் எளிது. எழுத்துருவை வேறொரு பொது எழுத்துருவாக மாற்றிப் பார்க்க, தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகள் தோன்றினால் அது பழைய குறியாக்கம். அதனை ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியதும் ஓர்காவைக் கொண்டு ஒருமுறை கேட்டுச் சரிபார்த்தல் வேண்டும். கிரந்த எழுத்துகளும் கொம்புக் குறிகளும் இடம் மாறுவது அப்போதே புலப்படும்.