அப்பா கடை கம்ப்யூட்டர் திடீர்னு பூட்டிக்கிட்டா?



நம்ம சேனல்ல எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ்னு நிறைய பேசியாச்சு. இன்னைக்கு வேற ஒரு விஷயம். நீங்க சென்னையிலயோ பெங்களூருலயோ சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம். ஆனா குஜிலியம்பாறை மாதிரி ஊர்ல உங்க அப்பாவோ மாமாவோ உரக்கடை, ஹார்டுவேர் கடைன்னு நடத்திட்டு இருப்பாங்க. அந்தக் கடையோட மொத்தக் கணக்கும் ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல, டாலியில இருக்கும். அதைப் பாதுகாக்குறது எப்படின்னு பார்ப்போம்.

ரான்சம்வேர்னா என்ன?

மால்வேர்ல பல வகை உண்டு. ரான்சம்வேர் உங்க ஃபைல்களைப் பூட்டிடும். திறக்கணும்னா கிரிப்டோவுல பணம் கட்டுன்னு திரையில மிரட்டல் வரும். 2017 மே மாசம் வந்த வான்னாக்ரை உலகம் பூரா பரவுச்சு. அதைத் தடுக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாசமே கொடுத்திருந்தது. அதைப் போடாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டிக்கிட்டது.

"நம்ம சின்னக் கடைக்கு எவன் வரப்போறான்?"னு கேப்பாங்க. 2024 ஜூலை கடைசியில சி-எட்ஜ் டெக்னாலஜிஸ்ங்கிற நிறுவனத்தை ரான்சம்வேர் தாக்குச்சு. கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் சாஃப்ட்வேர் கொடுக்கிற கம்பெனி அது. மத்த வங்கிகளுக்குப் பரவாம இருக்க, என்பிசிஐ அதைத் தற்காலிகமா துண்டிச்சது. சுமார் 300 சின்ன வங்கிகளோட பணப் பரிவர்த்தனை பாதிக்கப்பட்டது. தாக்கப்பட்டது சர்வீஸ் கொடுக்கிறவங்க, தவிச்சது வாடிக்கையாளர்கள்.

உங்க கடைக்கும் டாலி சரிபண்ண ஒருத்தர் எனிடெஸ்க் வழியா உள்ள வருவார். வேலை முடிஞ்சதும் அந்தக் கதவை மூடியாச்சான்னு பாருங்க.

டேட்டா போனா என்ன போகும்?

ஃபைல் பண்ண ரிட்டர்ன் ஜிஎஸ்டி போர்ட்டல்ல இருக்கும். ஆனா எந்த விவசாயி எவ்வளவு பாக்கிங்கிறது அங்க இருக்காது. அந்தக் கடன் கணக்குதான் கடையோட உண்மையான சொத்து. அது போச்சுன்னா வரவேண்டிய பணத்தை எதை வச்சுக் கேப்பீங்க? இன்னொண்ணு, ஜிஎஸ்டி சட்டம் 36-வது பிரிவுப்படி, வருடாந்திர ரிட்டர்னோட கடைசித் தேதியிலிருந்து 72 மாசம் கணக்குகளை வச்சிருக்கணும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை

1. பேக்கப்: டி டிரைவ்ல வச்சா பேக்கப் ஆகாது, சி டிரைவோட சேர்ந்து அதுவும் பூட்டிக்கும். எந்நேரமும் சொருகியே இருக்கிற பென்டிரைவுக்கும் அதே கதிதான். ரெண்டு பென்டிரைவ் வாங்குங்க. ஒரு வாரம் ஒண்ணு, அடுத்த வாரம் இன்னொண்ணு. காப்பி எடுத்ததும் கழட்டி வீட்டு பீரோவுல வைங்க. மாசம் ஒரு தடவை வேற கம்ப்யூட்டர்ல திறந்து பாருங்க. திறக்காத பேக்கப் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

2. கிராக் சாஃப்ட்வேர் வேண்டாம்: "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணு"ன்னு சொல்ற சாஃப்ட்வேரை எப்படி நம்புறது? லைசென்ஸ் காசு மிச்சம்னு நினைச்சு மொத்தக் கணக்கையும் பணயம் வைக்காதீங்க.

3. அப்டேட்: விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. கடையில இன்னும் அதுதான் ஓடுதுன்னா, மாத்தத் திட்டம் போடுங்க.

4. கடை போன்: ஆர்டிஓ அபராதம், கல்யாணப் பத்திரிகைன்னு வாட்ஸ்அப்ல ஏபிகே ஃபைல் வரும். அது எஸ்எம்எஸ்ல வர்ற ஓடிபி-யைத் திருடக்கூடியது. பத்திரிகை படமா வரும், பிடிஎஃப்-ஆ வரும். ஆப்-ஆ வராதுன்னு அப்பாகிட்டயும் கடைப் பையன்கிட்டயும் சொல்லி வைங்க. தினசரி வசூலுக்குத் தனி கணக்கு வச்சு, சேமிப்பை வேற கணக்குல போடுங்க.

மாட்டிக்கிட்டா?

முதல்ல நெட்டைத் துண்டிங்க. பதட்டத்துல பேக்கப் பென்டிரைவை அந்தக் கம்ப்யூட்டர்ல சொருகிடாதீங்க. திரையை போட்டோ எடுத்து வைங்க. பணம் கட்டினாலும் சாவி வரும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது. யூரோபோல் அமைப்பும் சேர்ந்து நடத்துற நோ மோர் ரான்சம் தளத்துல சில வகைப் பூட்டுகளுக்கு இலவசமா சாவி இருக்கு. அதையும் பாருங்க. வங்கியிலிருந்து பணம் போயிருந்தா உடனே 1930-க்கு போன் பண்ணுங்க, வங்கிக்கும் சொல்லுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு.

சில நூறு ரூபாய், ஒரு மணி நேரம், அவ்வளவுதான் செலவு. அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப பென்டிரைவ் ரெண்டு வாங்கிட்டுப் போங்க.