மெக்சிக்கோவில் மோட்டார் இல்லத் தற்காலிக இறக்குமதி

மோட்டார் இல்லத் தற்காலிக இறக்குமதி அனுமதி என்பது, படுக்கை, சமையலறை முதலியன கொண்ட வெளிநாட்டுப் பதிவு ஊர்தியை மெக்சிக்கோவில் இறக்குமதி வரியின்றி வைத்திருப்பதற்கான ஆவணம் ஆகும். அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் ஓய்வு பெற்றுக் குளிர்காலத்தை மெக்சிக்கோவில் கழிப்போர் இதனைப் பெறுகின்றனர். அந்நாட்டு இராணுவ வங்கியான பான்கேர்சித்தோ இதனை வழங்குகின்றது. பாகா கலிபோர்னியா தீபகற்பத்தில் இது தேவையில்லை.

சுற்றுலாப் பயணியின் மகிழுந்துக்கான அனுமதி 180 நாட்களுக்கு மேற்படாது. மோட்டார் இல்லத்துக்கோ 10 ஆண்டுகள் ஆகும். அக்காலத்தில் ஊர்தி பலமுறை எல்லையைக் கடந்து மீளலாம். ஆயினும் உரிமையாளர் தங்கும் காலம் இதனால் நீளாது.

இச்சலுகை வெளிநாட்டில் வசிப்போருக்கே உரியது. ஆகவே மெக்சிக்கோவில் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர் இவ்வனுமதியின் கீழ் ஊர்தியை வைத்திருக்க இயலாது. அனுமதி முடியுமுன் நாட்டை விட்டு வெளியேற்றப்படாத ஊர்தி பறிமுதல் செய்யப்படலாம்.